அம்மாவின் கடவுச்சீட்டிலிருந்து தொடங்குங்கள்: விடுமுறைக்கு வன்னிக்கு வந்து, அங்கிருந்து திருச்சிக்குப் போய்வர

பள்ளி விடுமுறைக்குச் சுவிஸிலிருந்து இலங்கையின் வன்னியில் இருக்கும் தருமபுரத்துக்கு வருவது எங்களுக்குப் பழகிய பயணம்தான். 2025 ஆகஸ்டில் அதோடு இன்னொரு பயணமும் சேர்ந்துகொண்டது. தம்பி பிரான்சில் அகதிப் பயண ஆவணத்தோடு இருக்கிறான். அவன் இலங்கைக்கு வரமுடியாது. அம்மா பிரான்சுக்குப் போக இரண்டு தரம் விசா கேட்டு இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். இருவரும் போகக்கூடிய இடமாக மிஞ்சியது தமிழ்நாடு. திருச்சியில் பதினொரு நாள் எல்லோரும் ஒன்றாக இருப்பது என்று முடிவெடுத்தோம்.

முடிவெடுத்தது ஒரு தொலைபேசி அழைப்பில். காகிதங்களைச் சேர்க்க ஆறு மாதம். நான் செய்த பிழை, முதலில் விமான ரிக்கற் விலை பார்த்ததுதான். எங்களில் யாருடைய காகிதம் மிக மெதுவாக வரும் என்பதை முதலில் பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்க்காததால் ஒரு தரம் ரிக்கற்றை மாற்றினோம், தண்டம் கட்டினோம், அம்மாவை வவுனியாவுக்கு மூன்று தரம் அலைக்கழித்தோம். நீங்கள் அப்படி அலையக்கூடாது என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. யாரிடம் என்ன கடவுச்சீட்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள்

ஒரு குடும்பம் என்றாலும் எல்லோருக்கும் ஒரே சட்டம் இல்லை. எங்கள் தாளில் இருந்தது இப்படி: நான், கணவர், இரண்டு பிள்ளைகள் சுவிஸ் கடவுச்சீட்டு, அம்மா இலங்கைக் கடவுச்சீட்டு, அதுவும் இன்னும் எடுக்கவில்லை, தம்பி பிரெஞ்சுப் பயண ஆவணம். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் மூன்று விடயம் எழுதுங்கள்: கடவுச்சீட்டு முடியும் திகதி, எத்தனை வெற்றுப் பக்கம், இந்திய விசா எந்த வழியில் எடுப்பது.

இந்தியாவுக்குப் போய் இறங்கும் நாளிலிருந்து கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். பிள்ளைகளின் கடவுச்சீட்டைக் கட்டாயம் திறந்து பாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து வருடம் என்பது மனதில் பதிந்து கிடக்கும். சுவிஸில் பிள்ளைகளுக்கு ஐந்து வருடம்தான். எங்கள் சின்னவளுடையது அக்டோபரில் முடிய இருந்தது. நல்லகாலம், மாசியிலேயே கண்டுபிடித்தோம்.

வெளிநாட்டில் வதிவிட அட்டையோடு இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அட்டை முடியும் திகதியையும் எழுதுங்கள். இந்தியாவில் நிற்கும்போது அது காலாவதியானால், நீங்கள் வாழும் நாட்டுக்குத் திரும்ப விமானத்தில் ஏறுவது பெரும்பாடாகிவிடும்.

2. ஊரில் இருப்பவரின் கடவுச்சீட்டு: இங்கேதான் நேரம் போகும்

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. அதுவரை கடவுச்சீட்டே எடுத்ததில்லை. தேவைப்படுவது தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கணவரின் பெயரோடு எடுப்பதென்றால் விவாகச் சான்றிதழ், பிறகு கே 35 ஏ என்ற விண்ணப்பப் படிவம். சொல்லும்போது நாலு தாள்தான். வன்னியில் இருப்பவர்களுக்கு அந்த நாலு தாளில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அம்மா எல்லாப் பத்திரங்களையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இடம்பெயர்ந்த இடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தவர். 2009இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் அந்தப் பை போய்விட்டது. அடையாள அட்டை மட்டும் முகாமிலிருந்து வந்த பிறகு புதிதாக எடுத்தது இருந்தது.

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் எடுக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் இத்தனையாம் ஆண்டிலிருந்து இத்தனையாம் ஆண்டு வரை பதிவேட்டைத் தேடித் தாருங்கள் என்று விண்ணப்பிக்க வேண்டும். இங்கே ஒரு சின்ன யோசனை: கூடப்பிறந்தவர்கள் யாராவது தங்கள் சான்றிதழை வைத்திருந்தால் அதில் இருக்கும் பதிவாளர் பிரிவின் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பிரிவாகத்தான் இருக்கும். அம்மாவின் பதிவு அப்படித்தான் கிடைத்தது. பெரியம்மாவின் சான்றிதழில் இருந்த பிரிவைச் சொன்னவுடன் ஒரே கிழமையில் எடுத்துத் தந்தார்கள். பதிவேடே அழிந்திருந்தால் வேறு நடைமுறை இருக்கிறது. அதைப் பதிவாளர் பிரிவிலேயே கேளுங்கள். ஆனால் மாதக்கணக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

அடுத்த பொறி பெயர். பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழில் இருக்கும், கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்து. அம்மாவின் தகப்பன் பெயரை விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஒரு ‘எச்’ போட்டும், வேறொரு பத்திரத்தில் அது இல்லாமலும் எழுதியிருந்தார்கள். கருமபீடத்தில் இருந்தவர் ஏற்கவில்லை. திரும்பி வந்து சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு மறுபடி போனோம். ஆகவே வெளிக்கிட முன்பே எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலே சத்தியக் கடதாசி எடுத்துவிடுங்கள்.

படம் எந்த ஸ்ரூடியோவிலும் எடுக்க முடியாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில் எடுத்தால், அவர்களே படத்தை நேராகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள். படிவத்தில் எந்த நாடுகளுக்கான கடவுச்சீட்டு என்று கேட்கும் இடத்தில் ‘எல்லா நாடுகளுக்கும்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள்; மத்திய கிழக்குக்கு மட்டும் என்றும் ஒரு பெட்டி இருக்கிறது, அவசரத்தில் கை அதற்குப் போய்விடும்.

அப்புறம் கைரேகை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாற்பது வருடம் நாற்று நட்டு, அரிவு வெட்டி, கச்சான் ஆய்ந்த கை அம்மாவுடையது. இயந்திரத்தில் விரலை வைத்தால் ஒன்றும் பதியவில்லை. துடைத்து, ஈரமாக்கி, திரும்பத் திரும்ப வைத்து ஒரு மணித்தியாலம் போனது. அங்கிருந்த பிள்ளை ஒருத்தி, “அம்மா, முதல் நாள் ராத்திரி கைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுங்கோ, காலமை நல்லாய்க் கழுவிப்போட்டு வாங்கோ” என்றாள். அடுத்த முறை பதிந்தது. எண்ணெய் செய்த வேலையா, அதிர்ஷ்டமா தெரியாது. உங்கள் வீட்டில் தோட்டக்கை இருந்தால் செய்து பாருங்கள், நட்டமில்லை.

எங்கே கொடுப்பது? திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில். நாங்கள் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் கொடுத்தோம். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியில் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் பிராந்திய அலுவலகம் திறந்துவிட்டார்கள். பரந்தன், தருமபுரம், விசுவமடு ஆட்களுக்கு இனி அதுதான் கிட்ட. கட்டணம் 2025இல் நாங்கள் கொடுத்தபோது சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய், ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாய். போகும் கிழமையில் எந்தச் சேவை எங்கே நடக்கிறது, முன்பதிவு வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். வாசலில் நின்று “நான் கெதியாய் எடுத்துத் தாறன்” என்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

3. அகதிப் பயண ஆவணத்தில் இருப்பவர் குடும்பத்தில் இருந்தால்

இந்த நிலை பல வன்னிக் குடும்பங்களுக்கு உண்டு என்பதால் தனியாக எழுதுகிறேன்.

இந்தியாவின் ஈ-விசா சாதாரணக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குத்தான். பயண ஆவணம் வைத்திருப்பவர் அதில் விண்ணப்பிக்கவே முடியாது. வாழும் நாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் விசா நிலையம் மூலம், பயண ஆவணத்தில் ஒட்டும் விசாதான் எடுக்க வேண்டும். தம்பிக்கு அது வர ஒன்பது கிழமை ஆனது. இடையில் பிறந்த இடம், பெற்றோர் விபரம் என்று மேலதிகத் தாள்கள் கேட்டார்கள். விசா கையில் வரும்வரை அவருக்கு ரிக்கற் எடுக்காதீர்கள். அவருக்காக நீங்களும் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், தண்டம் கட்டியது அதனால்தான்.

இன்னொன்று, மிக முக்கியம்: அவருடைய விமானம் கொழும்பு வழியாக வரக்கூடாது. பாரிஸிலிருந்து திருச்சிக்குத் தேடினால் கட்டுநாயக்கவில் மாறும் ரிக்கற் பல நாளில் மலிவாகக் கண்ணில் படும். பயண ஆவணத்திலேயே எந்த நாட்டுக்குப் போகக்கூடாது என்று அச்சடித்திருக்கும். விமான நிலையத்துக்குள் இரண்டு மணித்தியாலம்தானே என்று நினைக்க வேண்டாம். விமானம் பிந்தினால் அல்லது ரத்தானால் நிலைமை வேறு. தம்பி வளைகுடா வழியாகச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் திருச்சிக்கு வந்தான்.

4. இந்திய ஈ-விசா

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்கும் ஈ-விசா உண்டு. அரசின் தளம் ஒன்றே ஒன்று: இந்தியன்விசாஆன்லைன் டொட் கவ் டொட் இன். முடிவு ‘கவ் டொட் இன்’ ஆக இல்லாவிட்டால் மூடிவிடுங்கள். தேடும்போது மேலே வருவதெல்லாம் பெரும்பாலும் தரகர் தளங்கள். அரசு வாங்கும் காசைப்போல இரண்டு மூன்று மடங்கு எடுப்பார்கள்.

சுற்றுலா ஈ-விசாவில் மூன்று வகை: 30 நாள், ஒரு வருடம், ஐந்து வருடம். 30 நாள் விசாவை இறங்கும் நாளுக்கு முந்திய 30 நாளுக்குள்தான் கேட்க முடியும். ஒரு வருட, ஐந்து வருட விசாக்களுக்கு 120 நாளுக்கு முன்பிருந்தே கேட்கலாம். எதுவானாலும் இறங்குவதற்கு நாலு நாளாவது முந்தி விண்ணப்பித்திருக்க வேண்டும். நீங்கள் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு. எங்கள் சுவிஸ் கடவுச்சீட்டுக்கு 30 நாள் விசா ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டொலர், மற்ற மாதங்களில் 25 டொலர், ஒரு வருடம் 40, ஐந்து வருடம் 80. அதற்கு மேல் வங்கிக் கழிவு சிறிது. பிள்ளைகளுக்கும் தனித்தனி விசா, தனித்தனிக் கட்டணம். காசு கட்டிய பிறகு விசா மறுத்தாலும் திரும்பி வராது.

படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டின் விபரப் பக்கம் பி.டி.எஃப் ஆக, 300 கே.பி.க்குள் இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் தளம் தள்ளிவிடும். தருமபுரத்தில் இரவு பத்து மணிக்கு இணையத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, பகலில் பரந்தனில் ஒரு கொமினிக்கேஷன் கடையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சுருக்கித் தருவார்கள்.

படிவத்தில் நம் ஆட்கள் சறுக்கும் இடங்கள்:

பெயர். நம் பெயர்களில் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்பது ஒவ்வொரு கடவுச்சீட்டிலும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் மனதில் இருப்பதை எழுத வேண்டாம். கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதைப் பார்த்து எழுதுங்கள். விமான ரிக்கற்றிலும் அதே ஒழுங்கு.

முந்திய குடியுரிமை. சுவிஸ், கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் முன்பு இலங்கையர் என்றால் அதைச் சொல்ல வேண்டும். பிறந்த இடம் கிளிநொச்சி என்று கடவுச்சீட்டிலேயே இருக்கும்போது மறைக்க என்ன இருக்கிறது?

கடந்த மூன்று வருடத்தில் சார்க் நாடுகளுக்குப் போனீர்களா என்று ஒரு கேள்வி. இலங்கை அதில் சேர்த்தி. விடுமுறைக்கு ஊருக்கு வந்ததையெல்லாம் வருட வாரியாக எழுத வேண்டும். “ஊருக்குத்தானே போனோம்” என்று பலர் ‘இல்லை’ போட்டுவிடுகிறார்கள். கடவுச்சீட்டில் முத்திரை இருக்கிறது, மறந்துவிட வேண்டாம்.

இந்தியாவில் ஒருவரின் பெயரும் தொலைபேசியும். நாங்கள் விடுதியின் பெயரையும் எண்ணையும் கொடுத்தோம். உறவினர் பெயர் கொடுப்பதானால் அவரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

வைத்தியம்தான் முக்கிய நோக்கம் என்றால், சுற்றுலா விசாவில் போகாமல் மருத்துவ ஈ-விசா எடுங்கள். அது தனிப் பிரிவு.

ஈ-விசாவோடு எல்லா வாசலாலும் நுழைய முடியாது. குறித்த விமான நிலையங்களும் துறைமுகங்களும்தான். திருச்சியும் சென்னையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ரிக்கற் எடுக்க முன்பு இறங்கும் இடத்தின் பெயர் படிவத்தில் வருகிறதா என்று பாருங்கள். அனுமதி வந்தவுடன் தாளில் அச்செடுத்துக் கையில் வையுங்கள். அதோடு 2025 அக்டோபர் 1 முதல் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்பச் சொல்கிறார்கள். இறங்குவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் நிரப்பலாம், காசு இல்லை. நாங்கள் போனபோது விமானத்தில் தந்த தாளை நிரப்பினோம், ஐந்து பேருக்கும் ஒரே பேனா.

5. திரும்பவும் இலங்கைக்குள் வரவேண்டும்: உங்கள் சொந்த விசா

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு கட்டுநாயக்கவில் இறங்கி, வன்னிக்கு வந்து, பலாலியால் (யாழ்ப்பாண விமான நிலையத்தால்) வெளியே போய், திரும்பப் பலாலியால் உள்ளே வந்தால் நீங்கள் இலங்கைக்குள் இரண்டு தரம் நுழைகிறீர்கள். ஈ.டி.ஏ. என்ற, இணையத்தில் எடுக்கும் இலங்கைச் சுற்றுலா அனுமதி 30 நாளுக்கு, இரண்டு நுழைவு. ஆகவே ஒரு தரம் இந்தியா போய்வரப் போதும். போய் வந்து, பிறகு மாலைதீவும் பார்ப்போம் என்றால் போதாது. வேறு வகை விசாவில் வந்தவர்கள் அந்தத் தாளில் எத்தனை நுழைவு என்று வாசித்துவிட்டு வெளியேறுங்கள். திருச்சியில் விமானத்தில் ஏற்றும்போதே இலங்கை அனுமதியைக் கேட்பார்கள், எங்களிடம் கேட்டார்கள். அச்சுத்தாள் அம்மாவின் வீட்டில் இருந்தது, நல்லவேளை கைபேசியில் படம் இருந்தது.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் இந்திய விசா எந்தக் கடவுச்சீட்டில் எடுத்தீர்களோ அதையும், இலங்கைக் கடவுச்சீட்டையும் இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

6. திகதி

ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழா 25 நாள், மடுமாதா திருவிழா 15ஆம் திகதி. வெளிநாட்டிலிருந்து சனம் எல்லாம் அந்த மாதம்தான் வந்து இறங்கும். பலாலி விமானங்கள் சிறியவை, எண்பது பேர் கூட ஏற முடியாது. அந்தப் பக்கத்தில் ஆகஸ்ட் 15 இந்தியச் சுதந்திர தினம். விமான நிலையச் சோதனை கூடும். ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் பக்கம் கால் வைக்க முடியாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அங்கே அறை கிடைக்காது. நாங்கள் ஆகஸ்ட் 5 முதல் 15 வரை என்று போட்டோம், திரும்பும் நாள் சுதந்திர தினம் என்பதைக் கவனிக்காமல்.

7. எந்த வழி

பலாலி. யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் 2019 அக்டோபரில் திறந்தது. கொவிட்டில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிச் சேவையும் வந்தது. வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. தருமபுரத்திலிருந்து வான் பிடித்து, பரந்தன், ஆனையிறவு, யாழ்ப்பாணம் என்று போனோம். வானுக்கு 18,000 ரூபாய். ரிக்கற் போய்வர ஒருவருக்கு இலங்கைக் காசில் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல் வந்தது. சேவை நாட்கள் மாறும், ஆகவே விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளன்று அட்டவணையை இன்னொரு தரம் பாருங்கள். பொதி நிறையை ரிக்கற்றிலேயே வாசியுங்கள். சுவிஸிலிருந்து வந்த விமானத்தில் 30 கிலோ விட்டார்கள் என்று அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கட்டுநாயக்க. விமானம் அதிகம், நேரத்தைத் தெரிவு செய்யலாம். ஆனால் கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 330 கிலோமீற்றர் அளவில்; இரவு பஸ்ஸில் வயதானவரை இருத்திக்கொண்டு போய், விடியப்புறம் விமான நிலையத்தில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். இதில் ஒரு மாற்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நேராகச் சென்னைக்கோ திருச்சிக்கோ வந்து, ஊரிலிருந்து வருகிறவரை அங்கே சந்தித்து, பிறகு எல்லோருமாகப் பலாலிக்கு வரலாம். அப்படிச் செய்தால் இலங்கைக்குள் ஒரே ஒரு நுழைவு. எனக்கு இது பிந்தித்தான் மூளையில் பட்டது. அம்மா தனியாக விமானம் ஏறமாட்டேன் என்று நின்றதால் எங்களுக்கு எப்படியும் சரிவந்திருக்காது.

கப்பல். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. கடல் நேரம் நாலு மணித்தியாலம் அளவில். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். கார்த்திகை, மார்கழியில் கப்பலை நம்பித் திரும்பும் விமானத்தைப் போடாதீர்கள். சின்னப் பிள்ளைகளோடு முதல் பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

8. பெட்டி, மருந்து, நகை, காசு

மருந்து கைப்பையில். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிறசரும் இருக்கிறது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியையும், மருந்து எழுதிய துண்டையும் குளிசைகளோடு ஒரே பையில் வைத்தோம். நாட்களை எண்ணி, அதற்கு மேல் ஐந்து நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். கிளினிக் திகதி பயணத்துக்குள் விழுந்தால் முந்தியே போய் மருந்தை வாங்கிவிடுங்கள்.

மகனுக்கு என்று அம்மா கட்டியதைப் பார்த்தால் ஒரு லொறி வேண்டும். மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, பருத்தித்துறை வடை எல்லாம் பெட்டியில் போகட்டும், கைப்பையில் வேண்டாம். கடைசி நேரத்தில் ஈரச்சாக்கில் சுற்றிய முருங்கைத் தடி ஒன்று வெளியே வந்தது. தம்பி பிரான்சில் நட வேண்டுமாம்! கன்று, தடி, விதை எதையும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. திரும்பி வரும்போது கோயிலில் தந்த காய்ந்த தேங்காயையும் விட்டுவிட்டு வாருங்கள். இந்திய விமான நிலையங்களில் கொப்பரையைப் பெட்டிக்குள் விடுவதில்லை, எண்ணெய் இருப்பதால் தீப்பற்றும் என்று.

நகை. இலங்கைப் பெண் ஒருவரின் தாலிக்கொடியைச் சென்னை விமான நிலையச் சுங்கத்தில் பறித்த வழக்கில், அதைத் திருப்பிக் கொடுக்கும்படி 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கிடைத்தது நல்லது, ஆனால் அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது. அம்மா தாலிக்கொடியை வீட்டில் கழற்றி வைக்கச் சம்மதிக்கவில்லை. அதோடு மட்டும் வந்தார். நான் ஒரு மெல்லிய சங்கிலியோடு போனேன். கலியாண வீட்டுக்குப் போகிறீர்கள் என்றாலும் கனமானதைக் கொண்டுபோக வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

காசு. இலங்கை ரூபாயை அங்கே மாற்ற அலையாதீர்கள். பிராங், யூரோ, டொலர் நோட்டாகக் கொண்டுபோய்த் திருச்சி நகரத்துக்குள் மாற்றினால் நல்ல விலை. விமான நிலையத்தில் முதல் நாள் செலவுக்கு மட்டும் மாற்றுங்கள். நோட்டாக 5,000 டொலருக்கு மேல் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். நாங்கள் போனபோது ஓர் இந்திய ரூபாய் ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய். அம்மா ஒவ்வொரு சேலைக்கும் மூன்றரையால் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுவார்.

கைபேசி. அங்கே வெளிநாட்டவருக்குச் சிம் கொடுக்கக் கடவுச்சீட்டும் விசாவும் கேட்பார்கள், வேலை செய்யத் தொடங்க நேரம் எடுக்கும். முதல் இரண்டு நாளுக்கு ரோமிங்கோ ஈ-சிம்மோ இருக்கட்டும்.

9. தங்குமிடம்

வெளிநாட்டவர் வந்து தங்கினால் விடுதிக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். சில சின்ன லொட்ஜ்களில் அதற்கு வசதி இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டவுடன் அறை இல்லை என்றுவிடுவார்கள். எங்களுக்கு முதல் இரவு அப்படித்தான் நடந்தது. இணையத்தில் காசு கட்டி எடுத்த அறை, இரவு ஒன்பது மணி, பிள்ளைகள் பெட்டிமேல் நித்திரை. ஆகவே பதிவு செய்தவுடன் தொலைபேசியில் கூப்பிட்டு, “இலங்கைக் கடவுச்சீட்டு, சி ஃபார்ம் போடுவீர்களா?” என்று நேராகவே கேளுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டுக்காரர் பதிய வேண்டும் என்பதுதான் விதி. அவர்களுக்கு அது தெரியாமல் இருக்கும், நீங்கள் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் வாழும் மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள், உள்ளே தங்கும் எண்ணத்தில் போக வேண்டாம். வெளியில் அறை எடுத்து, முகாமில் இருப்பவரிடம் என்ன நடைமுறை என்று முதலே கேட்டு, பகலில் பார்த்துவிட்டு வாருங்கள். பிழை வந்தால் மாட்டுப்படுவது அவர்கள்.

ரயில் ரிக்கற் இப்போது 60 நாளுக்கு முன்பிருந்து எடுக்கலாம். அங்கே இருக்கும் யாராவது எடுத்துத் தந்தால் பாதித் தலைவலி இல்லை.

10. திரும்பும் நாள்

விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்தி என்று சொல்வார்கள். நாங்கள் நாலு மணித்தியாலம் முந்திப் போனோம், காரணம் தம்பியின் ரயிலும் அன்றைக்குத்தான். திருச்சி விமான நிலையத்தில் ரிக்கற் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாசலிலேயே பிரிய வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் அதற்கும் ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் ரிக்கற் எடுக்கும்போதே கேட்டு வையுங்கள், அதற்குக் காசு எடுப்பதில்லை. அம்மா முதலில் வேண்டாம் என்றார். வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு தானே ஏறி இருந்தார்.

பலாலியில் இறங்கியதும் கடவுச்சீட்டில் குத்திய முத்திரையில் எந்தத் திகதி வரை என்று அங்கேயே நின்று வாசியுங்கள். பிழை இருந்தால் அந்தக் கருமபீடத்தில் திருத்துவது சுலபம், வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடித்தால் கொழும்புக்கு ஓட வேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்றே எல்லாப் பத்திரங்களையும் ஸ்கான் செய்து எனக்கும் தம்பிக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். அசல்களை அம்மா வாங்கி, புது பொலித்தீன் பை ஒன்றில் போட்டு, வாயைச் சுருட்டி இறப்பர் வளையம் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். கடவுச்சீட்டு 2035 வரை செல்லும்.